லாரிக்காரருக்குப் போன மெசேஜ்

செவ்வாய், ராத்திரி.

ஜிம்முக்கு வாங்கின புது சாஃப்ட்வேர் இன்னிக்கு என் மானத்தை வாங்கிடுச்சு. கொஞ்ச நாள் வராதவங்களுக்கு அதுவே மெசேஜ் அனுப்புமாம். எனக்குத் தெரியாது. இங்க வர்றவங்கள்ல பாதிப்பேரு லாரி டிரைவருங்க. லோடு ஏத்திட்டுப் போனா ஊடு திரும்ப மாசமாகும். அவங்களுக்கெல்லாம் போயிருக்கு: "சோம்பலை விடுங்கள், எழுந்து வாருங்கள்!"

மத்தியானம் டிரைவர் பழனிசாமியண்ணன் நாக்பூர்ல இருந்து கூப்பிட்டாரு.

"ஏனுங்க தம்பி, விடிய விடிய வண்டி ஓட்டற நானுங்களா சோம்பேறி?"

மன்னிச்சுக்குங்கண்ணான்னு சொல்றதுக்குள்ள வெச்சுட்டாரு. இனி நம்ம பக்கமே வரமாட்டாருன்னு நெனச்சுட்டேன்.

ஜிம்மைச் சாத்தற நேரம் அவர்கிட்ட இருந்து ஒரு வீடியோ. தாபா வாசல்ல லாரியை நிறுத்திட்டு, நம்ம ஜிம்முல பழைய டயரைப் புரட்டற மாதிரியே ஸ்டெப்னி டயரைப் புரட்டிட்டிருக்காரு. சுத்தி நின்னு இந்திக்கார டிரைவருங்க விசிலடிக்கறாங்க. கடைசியில மூச்சு வாங்கிட்டே கேமராவைப் பார்த்து, "இன்னிக்கு வந்துட்டேன் சாமி, அட்டெண்டன்ஸ் போட்டுக்குங்க!"ன்றாரு.

அந்த மெசேஜை எப்படி நிறுத்தறதுன்னு இன்னும் பிடிபடல. சாஃப்ட்வேர்ல அண்ணன் பேருக்கு நேரா, வராதவங்களுக்குக் காட்டற சிவப்புதான் காட்டுச்சு. நானே தொட்டுப் பச்சையாக்கிட்டுத்தான் ஷட்டரை இறக்கினேன்.