எழுந்து உட்காருதல், இருபது முறை

மார்ச் 3, செவ்வாய்

பயிற்சித் தாளை முழுவதும் நானே படித்துவிட்டேன். அரை மணி நேரம் ஆயிற்று. ஆகட்டுமே! எழுபத்திரண்டு வயதில் மாலை வகுப்பில் சேர்ந்து, ஒரே வருடத்தில் ஒரு முழுத் தாள். லாரிப் பட்டறையில் நாற்பது வருடம் கைநாட்டு வைத்துச் சம்பளம் வாங்கியவன் நான்.

என் மனைவி இடுப்பு எலும்பு முறிந்து, பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறாள். செவ்வாயும் வியாழனும் பிசியோ பெண் வருவாள். மற்ற நாட்களில் நான் தாளைப் படிக்க வேண்டும், அவள் செய்ய வேண்டும். விழுந்தபோது அவள் கண்ணாடி உடைந்துவிட்டது. ஆகவே இந்த வீட்டில் இன்றைக்குப் படிக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான்! எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

மார்ச் 5, வியாழன்

"ஐயா எழுத்துக்கூட்டிப் படிக்கிற அழகே அழகு" என்றாள் பிசியோ பெண்.

கட்டிலில் இருந்தவள் சிரிக்கவில்லை. "முப்பது வருஷம் முன்னாடி படிச்சிருந்தா இன்னும் அழகா இருந்திருக்கும்" என்றாள், சுவரைப் பார்த்து.

அவள் எட்டாவது வரை படித்தவள். அவள் தங்கை கடிதம் போடுவாள். இவள் வாசலிலேயே பிரித்துப் படித்துத் தனக்குத்தானே சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவும் வெட்கம். ஒருநாள் பிடுங்கிக் கிழித்தேன். அப்புறம் வந்ததையெல்லாம் கிழித்தேன். பிறகு வருவது நின்றுபோனது. ஆஸ்பத்திரிக்கு அந்தத் தங்கை தினமும் வந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இதை எழுதத்தானா எழுத்துக் கற்றேன்?

மார்ச் 24, செவ்வாய்

புதுத் தாள். எனக்காக எண்களைக்கூட எழுத்தால் எழுதியிருக்கிறாள் பிசியோ பெண். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியை அவளுக்குச் செய்துகாட்டிவிட்டு, "எத்தன தடவைன்னு ஐயா படிச்சுச் சொல்லுவாங்க" என்று போய்விட்டாள். இருபது முறை என்று இருக்கிறது.

அடியில் 'நோயாளியின் விருப்பம்' என்று ஒரு வரி. விரல் வைத்துப் படித்தேன். 'தனியாகப் படி இறங்கி, பஸ் ஏறி, தங்கை வீட்டுக்குப் போய்விட வேண்டும்.'

"எத்தன நாளைக்கு?" என்று கேட்டேன்.

"நாள் கணக்கெல்லாம் இல்ல."

"அப்ப நான்?"

"உங்களுக்கென்ன? அதான் நோட்டும் பேனாவும் இருக்கே."

மார்ச் 25, புதன்

பத்து முறை என்று படித்தேன். பத்து முறை செய்தாள்.

மார்ச் 28, சனி

இன்றும் பத்து. இது பொய்யா? தாளில் இருப்பதில் பாதியைப் படிக்கிறேன், அவ்வளவுதானே. கால் தேறாவிட்டால் போக மாட்டாள். நான் சமைக்கிறேன், துணி துவைக்கிறேன், அவளுக்குத் தலை வாரிவிடுகிறேன். ஐம்பது வருடத்தில் செய்யாததையெல்லாம் செய்கிறேன். போதாதா? — போதாது போலிருக்கிறது. சாப்பிட்டதும் தட்டைத் தள்ளி வைக்கிறாள், ஆஸ்பத்திரி ஆயா எடுத்துப் போவாள் என்பது போல.

ஏப்ரல் 9, வியாழன்

பிசியோ பெண் தொடையை அழுத்திப் பார்த்தாள். "அம்மா! கல்லு மாதிரி இருக்கே! வாக்கர ஓரமா வைங்க, இனிமே கைத்தடி போதும்." என் பக்கம் திரும்பி, "எல்லாம் ஐயா கவனிப்பு" என்றாள்.

தலையாட்டினேன். வேறென்ன செய்ய? பத்துக்கே இவ்வளவு பலமா?

ஏப்ரல் 10, வெள்ளி

மாலை வகுப்புக்கு ஆசிரியை வரவில்லை. சீக்கிரம் திரும்பிவிட்டேன். உள்ளே எண்ணும் குரல். "பதினேழு... பதினெட்டு..." நான் நிற்பதைப் பார்த்தும் அவள் நிறுத்தவில்லை. இருபதை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"நீங்க படிச்ச பத்து காலைலயே முடிஞ்சுது. இது என்னோடது."

"யார் சொன்னா உனக்கு?"

"நீங்கதான். மத்த வரியெல்லாம் முக்கி முனகிப் படிச்சீங்க. பத்துன்னு மட்டும் டக்குனு வந்துச்சு. அது தாள்ல இல்லன்னு அன்னிக்கே புரிஞ்சிபோச்சு." மூச்சு வாங்கினாள். "என்ன போட்டிருக்குன்னுதான் தெரியல. அதான் சாயங்காலம் இன்னொரு இருபது."

ஏப்ரல் 11, சனி

கண்ணாடிக் கடைக்குப் போனேன். இரண்டு நாளில் தருவார்களாம். இரண்டு நாள் வேலை. இரண்டு மாதமாகத் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 13, திங்கள்

கண்ணாடி போட்டுக்கொண்டு தாளைப் படித்தாள். எனக்கு அரை மணி நேரம் ஆகும் தாள். ஒரு பார்வை பார்த்து மடித்துவிட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அதுகூட இல்லை.

நாளையிலிருந்து நான் எதுவும் படிக்க வேண்டியதில்லை.

ஏப்ரல் 28, செவ்வாய்

படிப் பயிற்சி. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். விழுந்தால் தாங்குவதற்கு என்னை ஒரு படி கீழே நிற்கச் சொன்னாள் பிசியோ பெண். பதினோரு படி. ஒவ்வொரு படிக்கும் "நகருங்க" என்றாள் இவள்.

விழுந்துவிடக் கூடாது என்று நான் பதறியது உண்மை. கொஞ்சம் தடுமாறி என் தோளைப் பிடிக்கட்டும் என்று ஆசைப்பட்டதும் உண்மை. தடுமாறவில்லை.

மே 12, செவ்வாய்

வழக்கம்போல் பத்து மணிக்குப் பிசியோ பெண் வந்தாள். நேற்றே போய்விட்டாள் என்றேன்.

"தனியா படி இறங்கியா? பஸ்லயா?" கைதட்டிக் குதித்தாள். "எந்தக் கால மொதல்ல வெச்சாங்க?"

"எறங்கறப்ப அடிபட்ட காலு. பஸ்ல ஏறறப்ப நல்ல காலு."

"சபாஷ்! ஐயா, நீங்க இல்லன்னா இது நடந்திருக்காது."

அவளிடம் சொல்லாததை இங்கே எழுதிவைக்கிறேன். நேற்று இவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் பின்னாலேயே போனேன். பஸ் வந்தது. தடியை முழங்கையில் மாட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்து, ஒரே மூச்சில் ஏறிவிட்டாள். ஏறியதும் திரும்பி என்னிடம் கையை நீட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படி நீட்டியதில்லை. சட்டென்று என் கையைக் கொடுத்தேன்.

"பை" என்றாள்.