நெஞ்சில் வைத்த இரண்டு விரல்

வெள்ளிக்கிழமை, அபுதாபி.

பேத்தி சபீனா வேலை பார்க்கும் குதிரை லாயத்துக்கு இன்று நானும் போயிருந்தேன். முன்னங்கால் நோவெடுத்த ஒரு பெண்குதிரையை அவள் இரண்டு மாதமாகப் பழக்குகிறாள். பாரத்தைப் பின்னங்காலுக்கு மாற்றி நிற்கக் கற்றுக்கொண்டால்தான் கால் தேறுமாம். இன்றும் சரிவராவிட்டால் குதிரையை விற்றுத் தள்ளிவிடுவேன் என்று சொல்லியிருந்த அரபி முதலாளி பக்கத்திலேயே நின்றார்.

சபீனா சாட்டை எடுக்கவில்லை, கயிற்றை இழுக்கவுமில்லை. அதன் நெஞ்சில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"தள்ளுடி" என்றேன்.

"தள்ளினா அதுவும் எதிர்த்துத் தள்ளும் நன்னி. பேசாம இருங்க."

கொஞ்ச நேரத்தில் குதிரை பெருமூச்சு விட்டு, காலைப் பெயர்க்காமல் உடம்பை மட்டும் பின்னுக்குச் சாய்த்தது. உடனே விரலை எடுத்துக் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். முதலாளி "கலாஸ்", ஆயிற்று, என்று சிரித்து, குதிரை இங்கேயே இருக்கட்டும் என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பழனியில் என் வீட்டுக்காரர் ஜட்கா ஓட்டிய காலம் நினைவுக்கு வந்தது. முன்பாரமானால் குதிரைக்கு நோகுமென்று, "பின்னாடி தள்ளி உக்காருங்கம்மா" என்று சவாரிக்காரர்களிடம் ஓயாமல் சொல்வார். கல்யாணம் முடிந்து வண்டியேறிய என்னிடமும் முதலில் பேசியது அதுதான்.

திரும்பி வரும்போது சபீனா கேட்டாள், "நன்னாவோட குதிரை கடைசியில என்னாச்சு நன்னி?"

"வயசாகிச் செத்துப்போச்சு" என்றேன்.

முன்னங்கால் வீங்கியதும் விற்றுவிட்டோம். அன்றைக்கு அவர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. வாங்கினவன் கையில் கயிற்றைக் கொடுத்தது நான்தான்.