பாதி சொன்ன வலி

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடு. குழந்தை இப்போதுதான் கண்ணயர்ந்தாள். பகலில் எழுத உட்கார்ந்தால் அம்மா பேனாவைப் பிடுங்கிவிடுகிறாள். நீயோ போனை எடுப்பதில்லை.

வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது முதல் ஈ.சி.ஜி.யும் ரத்தப் பரிசோதனையும் சரியாகத்தான் இருந்தன. "பிள்ளை பெத்து பதினோரு நாள்தானே, தூக்கமில்லாத படபடப்பும்மா" என்று பெரிய டாக்டர் அனுப்பிவிடப் பார்த்தார். பயிற்சி டாக்டர் பெண்தான், "மூணு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்துடலாம் சார்" என்று விடாமல் நின்றாள். அதில்தான் இதயத் தசை அடிபட்டிருப்பது தெரிந்தது. ஆஞ்சியோ செய்தார்கள். கொழுப்படைப்பு ஒன்றுமில்லை. ரத்தக்குழாயின் உட்சுவர் தானாகவே கிழிந்து, சுவருக்குள் ரத்தம் கசிந்து, வழியை நெருக்கியிருக்கிறதாம். சின்ன வயதுப் பெண்களுக்கும் வருமாம், பிரசவமானவர்களுக்கும் வருமாம். ஸ்டென்ட் வைக்கவில்லை. சீண்டாமல் விட்டால் பெரும்பாலும் தானே ஆறிவிடுமாம்.

எல்லோரும் வந்து பார்த்தார்கள். நீ மட்டும் வரவில்லை.

உன் தங்கை

மார்ச் 14

அடி பயந்தாங்கொள்ளி,

எந்த முகத்தோடு வருவேன்? அவசரப் பிரிவு வாசலில் உட்கார்ந்து, யார் முதலில் உள்ளே போகவேண்டும் என்று பன்னிரண்டு வருஷமாகப் பிரித்து அனுப்புகிற நர்ஸ் நான். நெஞ்சு வலிக்கிறதென்று நீ போன் செய்தபோது உனக்கு என்ன சொன்னேன்? "வாயுடீ. வெந்நீர் குடிச்சிட்டுப் படு. உனக்குத்தான் மாசம் ஒரு ஹார்ட் அட்டாக் வருமே." அதை நம்பி நாலு மணி நேரம் வலியோடு படுத்திருந்தாய்.

அந்த நாற்காலி வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதத்திலிருந்து மருந்துக் கிடங்கு. மாத்திரைப் பெட்டிகள் என்னால் சாகாது.

வேளைக்கு மருந்து சாப்பிடு.

அக்கா

மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்றை உன்னிடம் மறைத்துவிட்டேன். அன்று வலி நெஞ்சோடு நிற்கவில்லை. இடது கையிலும் தாடையிலும் இழுத்தது. உடுத்தியிருந்ததைப் பிழியலாம் போல வியர்த்தது. "வேற எங்கயாவது வலிக்குதா? வேர்க்குதா?" என்று நீ கேட்டாய். "இல்லக்கா, லேசாத்தான்" என்றேன். போன வருஷம் நெஞ்சுவலி என்று மூன்று தடவை உன்னை அலையவிட்டு, மூன்றும் ஒன்றுமில்லாமல் போய், வீடே சிரித்ததே! இன்னொரு தடவை சிரிப்பார்களே என்று பாதியை விழுங்கிவிட்டேன்.

நீ அவசரப்பட்டு வாயு என்றது தப்புதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் என் பங்கையும் சேர்த்து நீயே சுமக்காதே. வெட்கப்பட்டு வலியைக் குறைத்துச் சொல்லுகிற ஒருத்தி நாளை அந்த வாசலுக்கு வருவாள். அவளை இன்னொரு தரம் கேட்க உனக்குத்தான் தோன்றும்.

எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள், அக்கா. வாங்கினாயா இல்லையா என்று சீக்கிரம் பதில் போடு.

உன் தங்கை