அத்தையின் குகைக்கு மேலே வெள்ளை எழுத்து

செப்டம்பர் 9

இன்று தேதியை நானே போட்டேன். ஒன்பதின் வால் எந்தப் பக்கம் திரும்பும் என்று காலண்டரைப் பார்த்துத்தான் போட்டேன். அதனால் என்ன? காலண்டர் அடித்தவனும் யாரையோ பார்த்துத்தானே கற்றிருப்பான்.

என் பெயர் அந்திப்பாஸ். வயது எழுபத்தாறு. இவ்வளவு எழுதுவதற்குள் காப்பி ஆறிவிட்டது. ஆறின காப்பி இவ்வளவு ருசியாக இருக்கும் என்று தெரியாது.

செப்டம்பர் 11

தினமும் நாலு வரியாவது எழுதச் சொல்லியிருக்கிறாள் போலிக்ஸேனி டீச்சர். ஏதென்ஸ் பக்கத்துப் பெண். எங்கள் தீவின் பள்ளிக்கூடத்துக்கு அவள்தான் எல்லாம். பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுகிறது, பூசப் போகிறேன் என்று ஊரில் சொல்லிவிட்டு அவளிடம் போய் எழுத்துப் படிக்கிறேன். என் மனைவி ஸெவஸ்திக்கு மட்டும் விஷயம் தெரியும்.

"போன மழைக்காலத்துலேர்ந்து பூசுறியே, அது கூரையா, மாதா கோயில் கோபுரமா?" என்று இன்றும் கேட்டாள்.

ஊருக்குத் தெரிந்தால் விடமாட்டார்கள். வாலிபத்தில் ஒரு நாள் காப்பிக்கடையில் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கதையை அன்று பிறக்காதவர்கள்கூட இன்று சொல்லிச் சிரிக்கிறார்கள். முழுக்கக் கற்ற பிறகு ஒரு நாள் எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்துக் காட்டுவேன்.

செப்டம்பர் 17

புனித யோவான் திருவிழா வருகிறது. கடல்முனைக் கோயிலுக்குச் சுண்ணாம்பு அடிப்பது என் வேலை. சுண்ணாம்புத் தகரங்களைப் படகில் ஏற்றிக்கொண்டு துடுப்புப் போட்டுப் போனேன். காற்றே இல்லை. தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத தெளிவு. படகின் நிழல் அடிமணலில் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. மேலே பருந்துகள். கரையெல்லாம் ஓமச்செடி காய்ந்த வாசனை.

முனையைத் திரும்பும்போது கோயிலுக்குக் கீழே இருக்கிற குகைக்குள்ளிருந்து கைக்குழந்தை அழுகிற மாதிரி ஒரு குரல். துடுப்பை நிறுத்திவிட்டேன்.

அத்தை பெற்றுவிட்டாள்!

கடல்நாய் என்று எழுத முதலில் கை வரவில்லை. அவளைப் பெயர் சொல்லி நாங்கள் கூப்பிடுவதில்லை. அத்தை என்போம், வலையைக் கிழித்து மீனைத் தின்றால் திருடி என்போம். போன முறை அவள் குட்டி போட்டபோது என் கால் இவ்வளவு வலிக்கவில்லை. அவ்வளவு வருஷம் ஆகிவிட்டது.

செப்டம்பர் 18

காப்பிக்கடையில் சொன்னேன். சாராந்தோஸ் மேசையில் குத்தினான். இங்கே இருப்பதில் பெரிய படகு அவனுடையது, பெரிய குரலும் அவனுடையது.

"ஒரு திருடி போதாதுன்னு இன்னொண்ணா! ஊர்ல மீன் மிஞ்சுமா இனிமே?"

அடுத்த மூச்சிலேயே எல்லோர் பக்கமும் விரலை நீட்டினான். "கேட்டுக்குங்க. முனைகிட்ட எவனாவது இஞ்சின் சத்தம் கேட்டுச்சு, அவன் இஞ்சின் கடலுக்கு அடியில கெடக்கும். எல்லாரும் துடுப்புதான்."

அந்த நேரம் பாய்ப்படகில் வந்த ஒரு வெளியூர்க்காரன், இந்தப் பக்கம் கடல்நாய் உண்டா என்று கேட்டான். சாராந்தோஸ் சீட்டைக் கலைத்துக்கொண்டே சொன்னான்: "எங்க தாத்தா ஒண்ணு பாத்ததாச் சொல்வாரு. ஆனா அவரு மொடாக்குடியன்."

எங்கள் வழக்கமே அதுதான். அவளை நாங்கள் வாய் வலிக்கத் திட்டலாம். வெளியாளிடம் காட்டிக்கொடுக்கக் கூடாது.

செப்டம்பர் 22

ஞாயிறு. பெரிய தீவிலிருந்து வாலிபர்கள் வேகப்படகில் வந்து முனைக்குப் பக்கத்திலேயே பாட்டுப் போட்டு ஆடினார்கள். நான் மேலே கோயில் சுவரில் நின்று கையை ஆட்டினேன். அவர்களும் கையை ஆட்டினார்கள்! குட்டி அழுதது அவர்களுக்குக் கேட்டிருக்காது.

சுண்ணாம்பு பாதித் தகரம் மிச்சம் இருக்கிறது.

செப்டம்பர் 23

எழுதிவிட்டேன்!

குகைக்கு மேலே, கடலைப் பார்த்த பாறையில், ஒவ்வொரு எழுத்தும் என் உயரம்.

"இங்கே கடல்நாய் குட்டி போட்டிருக்கிறது. சத்தம் போடாதீர்கள். தள்ளிப் போங்கள்."

எழுதிவிட்டுப் படகில் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். இன்னும் தூரம் போனேன். அப்போதும் படிக்க முடிந்தது. ஒரு தப்பு இல்லை. வாயை விட்டுச் சத்தமாகப் படித்தேன், கடலுக்கு நடுவில், ஒரு பைத்தியம் மாதிரி. கரைப் பாதையில் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு அது தெரியாது. கடலில் வருகிறவர்களுக்குத்தான் தெரியும். அவர்களுக்குத்தானே தெரியவேண்டும்?

ஸெவஸ்தியிடம் சொன்னேன். "படிக்கத் தெரிஞ்சவங்க அதப் படிச்சிட்டுப் பேசாமப் போவாங்களா?" என்று கேட்டாள். படித்தவர்கள் மரியாதை தெரிந்தவர்கள் என்று சொல்லிவிட்டேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 26

திருவிழா. ஆட்டுக்கறி, திராட்சைச் சாராயம், கோயில் வெள்ளை வெளேரென்று. எல்லோரும் என் வேலையைப் புகழ்ந்தார்கள். அவர்கள் காலுக்குக் கீழே, பாறையின் மறுபக்கம், என் இன்னொரு வேலை இருக்கிறது என்று நினைத்து நினைத்து உள்ளுக்குள் சிரித்தேன்.

செப்டம்பர் 28

அத்தையின் குகை வாசலில் படகுகள். பாய்ப்படகு, வேகப்படகு, காற்றடித்த ரப்பர் படகு.

செப்டம்பர் 29

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

யாரோ என் எழுத்தைப் படம் பிடித்து உலகத்துக்கெல்லாம் அனுப்பிவிட்டார்களாம். எங்கள் பாஷை தெரியாதவன்கூட போனை அதற்கு நேரே காட்டினால் போதுமாம், அது அவன் பாஷையில் சொல்லிவிடுமாம். எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு எழுத்தே இப்போதுதான் தெரியும்.

நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு குகைக்குள் நீந்திப் போயிருக்கிறார்கள். அத்தை கடலில் பாய்ந்தவள் திரும்பவில்லை என்று சாராந்தோஸ் சொன்னான். குட்டி உள்ளே தனியாகக் கிடக்கிறது.

இங்கே இருக்கிறது என்று நானே சொல்லிவிட்டு, வராதே என்று எழுதினேன். வராதே என்றால் எவன் வராமல் இருப்பான்? பூண்டு உரிக்கிறவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் 30

காப்பிக்கடையில் எல்லோரும் கூடியிருந்தார்கள்.

"யாரு எழுதுனது?"

"யாரு எழுதுவா? நம்ம ஆள் எவனாவது எழுதுவானா? அந்த டீச்சர்தான். ஏதென்ஸ்காரி. கடல்நாய் படம் வரைஞ்சு பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்தாளே."

"நம்ம வீட்டு ரகசியத்த சுவத்துல எழுதிட்டுப் போவா. அவளுக்கென்ன, நாளைக்குக் கப்பலேறிடுவா."

சாராந்தோஸ் என் பக்கம் திரும்பினான். "நீ சொல்லு மாமா. இப்படியும் பண்ணுவாங்களா மனுஷங்க?"

நான் காப்பியைக் குடித்தேன். அடியில் இருக்கிற கசடு வரைக்கும் குடித்தேன்.

அக்டோபர் 1

ரொட்டிக்கடையில் டீச்சருக்கு ரொட்டி தீர்ந்துவிட்டது என்றார்கள். அலமாரியில் ரொட்டி அடுக்கியிருந்தது. எனக்குக் கொடுத்தார்கள். நான் வாங்கிக்கொண்டு வந்தேன். வாங்கிட்டுத்தானே வந்தேன், திருப்பி வச்சேனா? அவள் முன்னாலேயே கக்கத்துல இடுக்கிட்டு வந்தேன்.

ஸெவஸ்தி அந்த ரொட்டியை வெட்டவில்லை. மேசையில் அப்படியே வைத்துவிட்டு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பீன்ஸ் ஆய்ந்தாள்.

அக்டோபர் 2

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். டீச்சர் தனியாக இருந்தாள்.

"உங்க கையெழுத்துன்னு படத்தப் பாத்ததுமே தெரிஞ்சிடுச்சு" என்றாள்.

"சொல்லலையே நீ."

"நான் சொன்னா அது கோள். நீங்க சொல்லணும்."

"சொல்றேன்" என்றேன். இன்று சொல்கிறேன் என்று சொல்லவில்லை. அதையும் அவள் கவனித்திருப்பாள்.

அக்டோபர் 3

சொல்லவில்லை. கடை வரைக்கும் போனேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. திரும்பிவிட்டேன்.

கடலிலிருந்து காற்று வீசும்போது குட்டியின் குரல் கேட்கிறது என்று ஸெவஸ்தி சொல்கிறாள். முனை எவ்வளவு தூரம்! கேட்காது. எனக்கும் கேட்கிறது.

அக்டோபர் 4

சொல்லிவிட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். நான் நின்றபடியே, "பாறையில எழுதுனது நான்தான்" என்றேன்.

கடையே அதிர்கிற மாதிரி சிரித்தார்கள்.

"மாமா, டீச்சரக் காப்பாத்தணும்னா நம்புற மாதிரி ஒரு பொய் சொல்லு" என்றான் சாராந்தோஸ். "நீ பத்திரிகையத் தலகீழாப் பிடிச்ச ஆளு. பாறையையும் தலகீழாப் பிடிச்சியா?"

கடைக்காரி தெஸ்பீனா என் தோளைத் தட்டினாள். "சிரிக்காதீங்கடா. அந்தப் பொண்ணுக்காகப் பழியத் தன் தலையில போட்டுக்கறாரு. எவ்வளவு நல்ல மனசு! உக்காரு மாமா, ஒரு கிளாஸ் உஸோச் சாராயம் ஊத்துறேன்."

நல்ல மனசு! வசவு என்றால் வாங்கிக்கொண்டிருப்பேன். இதை எப்படி வாங்குவது?

சீட்டாட்டக் கணக்கு எழுதுகிற கரும்பலகை சுவரில் இருக்கிறது. அதைச் சட்டைக் கையால் துடைத்தேன். "டேய், என் ஆட்டம் போச்சு!" என்று யாரோ கத்தினார்கள். சாக்கட்டியை எடுத்து எழுத ஆரம்பித்தேன். 'இங்கே' என்று எழுதும்போதே சத்தம் நின்றுவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கடல்நாய், குட்டி, சத்தம், தள்ளி, எல்லாவற்றையும் எழுதி, முற்றுப்புள்ளியும் வைத்தேன். நான் மெதுவாக எழுதுகிறவன். அவர்கள் கடைசி வரைக்கும் காத்திருந்தார்கள்.

ஊருக்கு முன்னால் நான் எழுதிய முதல் எழுத்து அது. வரி கோணவில்லை. ஒரு நொடி — இதையும் எழுதத்தான் வேண்டும், இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை — ஒரு நொடி அதன் அழகைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்தது. மற்ற எல்லாவற்றையும்விட அந்த ஒரு நொடிக்குத்தான் இப்போது கூசுகிறது.

சாராந்தோஸ் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தான்.

"எழுதுனது தெரியாத்தனம், சரி. அந்தப் பொண்ண நாங்க அவ்வளவு பேசுனோம். நீ உக்காந்து காப்பி குடிச்சியே, அது என்ன தெரியாத்தனம் மாமா?"

ஊற்றிய உஸோவை தெஸ்பீனா திரும்ப எடுத்துக்கொண்டாள்.

அக்டோபர் 6

பாறையைச் சுரண்டினேன். கம்பித் தூரிகை, வினிகர். ஸெவஸ்தியும் வந்தாள். குகைக்குக் கேட்காமல் இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு தேய்த்தோம்.

"இந்த எழுத்து என்ன?" என்று ஸெவஸ்தி ரகசியக் குரலில் கேட்டாள். சொன்னேன். "இது?" சொன்னேன். ஒன்று அழித்துவிட்டு அடுத்ததைக் கேட்டாள். அவளுக்கும் எழுத்துத் தெரியாது. இத்தனை நாளில் உனக்கும் சொல்லித்தரட்டுமா என்று நான் கேட்கவே இல்லை.

சுண்ணாம்பு போகாத இடத்தில் ஆட்டுப் புழுக்கையும் மண்ணும் குழைத்துப் பூசினோம்.

அக்டோபர் 9

ஊர்ப் படகுகள் முறை போட்டு முனையில் காவல் நிற்கின்றன. எந்தப் படகு வந்தாலும் திருப்பி அனுப்புகிறார்கள். ரொட்டிக்கடைக்காரனுக்குக்கூட ஒரு முறை உண்டு. எனக்கு இல்லை. நான் கேட்கவில்லை.

அத்தை திரும்பி வந்தாளா, குட்டி உயிரோடு இருக்கிறதா என்று யாரும் எனக்குச் சொல்வதில்லை. நான் உள்ளே போனால் பேச்சு வானிலைக்கு மாறிவிடுகிறது. அவள் விஷயத்தில் நானும் இப்போது வெளியாள்.

அக்டோபர் 21

தெற்குக் காற்று. பேரலை. குகைக்குள் தண்ணீர் ஏறியிருக்கும். அவ்வளவு சின்ன உடம்பு.

நவம்பர் 14

சாராந்தோஸ் கிழிந்த வலையைக் கப்பலில் பெரிய தீவுக்கு அனுப்புகிறான். அவன் அப்பன் காலத்திலிருந்து அவர்கள் வலையைத் தைப்பது நான்.

டிசம்பர் 20

டீச்சர் போய்விட்டாள். அந்த ரொட்டி நாளன்றே மாற்றல் கேட்டு எழுதிவிட்டாளாம். நான் வாய் திறப்பதற்கு முன்பே.

இப்போது ரொட்டிக்கடைக்காரி அவளுக்குக் கிறிஸ்துமஸ் ரொட்டி கட்டிக்கொடுத்தாள். சாராந்தோஸ் பெட்டியைத் தூக்கிக் கப்பலில் வைத்தான். எல்லோரும் நல்லவர்கள் ஆகிவிட்டார்கள். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். அவளாகவே வந்து கை கொடுத்தாள்.

"எழுதறத விட்டுடாதீங்க."

"எழுதி என்ன பண்ண டீச்சர்?"

"அது எனக்கும் தெரியல" என்றாள். பொய் சொல்லத் தெரியாதவள்.

ஜனவரி 8

மழை. எழுத ஒன்றும் இல்லை. ஸெவஸ்திக்கு அவள் பெயரை எழுதக் காட்டினேன். "இவ்வளவு நீளமா நான்?" என்றாள்.

ஜனவரி 27

காலையில் கதவை உதைக்கிற சத்தம். திறந்தால் சாராந்தோஸ். தோளில் சுமந்து வந்ததை என் காலடியில் போட்டான். ஈர வலை.

"பாரு! பாரு உன் அத்தை பண்ணுன வேலைய! புது வல! ஒரு மீன்கூட முழுசா விடல. முண்டச்சி, தலையத் தின்னுட்டு உடம்ப எனக்கு வச்சிட்டுப் போயிருக்கா!"

எவ்வளவு நாள் கழித்து என்னோடு பேசுகிறான். உட்கார்ந்து வலையை மடியில் இழுத்தேன். அவளுடைய பல்லை எனக்குத் தெரியும். வட்டமாக, தலை நுழைகிற அளவுக்கு, ஒரே இழுப்பில் கிழிப்பாள். அது இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே, என் உள்ளங்கை அகலத்தில், இன்னொரு கிழிசல். நூல் சரியாக அறவில்லை. கடித்துக் கடித்து, சிக்கி, இழுத்து, பாதியில் விட்டது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். கேட்கத் துணிவில்லை.

சாராந்தோஸ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மீசையைத் தடவினான். "ஆமா. அம்மாகூட வந்திருக்கு. இன்னும் ஒழுங்காத் திருடத் தெரியல." பிறகு கோபம் நினைவுக்கு வந்த மாதிரி குரலை உயர்த்தினான். "சாயங்காலம் வலை வேணும் எனக்கு!" என்று கத்திவிட்டுப் போனான். உட்காரவில்லை. காப்பி குடிக்கவில்லை.

நாள் முழுக்கத் தைத்தேன். கண் பலமுறை மறைத்தது, வயசு.

பொழுது சாய்ந்ததும் ஸெவஸ்தி வந்து பார்த்தாள். "இன்னும் முடிக்கலையா? அவன் வந்து குதிப்பான்."

"ஒண்ணுதான் பாக்கி" என்றேன்.

அவள் சின்னக் கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.