உன் பெயரில் நின்றுபோன லீவு

இன்று காலை செல்வி என் மேசையருகே வந்து நின்றாள். ஹேவாஹெட்டயிலிருந்து வருகிற பிள்ளை, உனக்குத் தெரியுமே, சத்தமாகப் பேசவே மாட்டாள். "அம்மாவுக்குக் கண் ஆப்பரேஷன். லீவு கேட்டு ஒம்பது நாளாச்சு, இன்னும் வரலக்கா" என்றாள். கணினியில் பார்த்தேன். விண்ணப்பம் உன் பெயரில் நின்றுகொண்டிருந்தது. 'ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது' என்ற வரிக்குப் பக்கத்தில் உன் சின்னப் படம், அந்த மஞ்சள் முக்காட்டோடு. நீ போய்ச் சேர்ந்து நாற்பது நாள்கூட முடியவில்லை.

நம் அலுவலகத்தில் லீவு எந்த வழியாகப் போக வேண்டும் என்று படம் வரைந்தவள் நான். நம் தொழிலே அதுதானே. ஒரு வேலையின் பாதையை வரைந்து, உள்ளே போனது எங்கும் சிக்காமல் வெளியே வரும் என்று கணினியை வைத்து நிரூபிப்பது. கணினி சரி என்றால் எனக்குப் போதும். உனக்குப் போதாது. படத்தை அச்செடுத்து விரித்து, ஒரு சட்டைப் பட்டனைக் கட்டம் கட்டமாக விரலால் தள்ளிக்கொண்டே போவாய். பிலிமத்தலாவை பஸ் போய்விடும் என்று நான் நச்சரிப்பேன்.

அன்றைக்குப் பட்டனை உன் பெயர் போட்ட கட்டத்தில் நிறுத்தினாய்.

"இவ வராட்டி?"

"வருவா. வராம எங்க போவா? கம்பியூட்டரே சரின்னு சொல்லிருச்சு."

"நீ கீறினதத்தானே அது பாக்குது."

ஒரு மாற்றுவழி போடச் சொன்னாய். என் வேலையில் குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நீதான் வட்டிலப்பம் கொண்டுவந்து சமாதானம் செய்தாய். ஒப்புதல் தருபவர் எப்படியும் பதில் தருவார் என்று நான் எழுதிவைத்தது அப்படியே இருந்துவிட்டது.

செல்வியை அம்மாவிடம் போய்விட்டு வரச் சொன்னேன். பிறகு நான் வரைந்த அந்த லீவுப் பாதைப் படத்தைத் திறந்தேன். மூன்று நாளில் பதில் வராவிட்டால் விண்ணப்பம் எனக்கு வரட்டும் என்று ஒரு வழி. பத்து நிமிட வேலையை மதியம் வரை இழுத்தேன். அதை வரைந்தால் நீ வரமாட்டாய் என்று நானே எழுதிக் கொடுத்தது போலாகிவிடும். சரிபார்க்கக் கொடுத்தேன், கணினி சரி என்றது. உன்னிடம் நின்றவை ஒவ்வொன்றாக என் பெயருக்கு நகர்ந்து வந்தன. எல்லாவற்றுக்கும் ஒப்புதல் கொடுத்தேன், ஒன்றைத் தவிர.

அது என்னுடையது. நீ ஆஸ்பத்திரியில் இருந்த வாரம், உன் பக்கத்தில் இருக்க இரண்டு நாள் கேட்டிருந்தேன். படுத்தபடியே போனில் ஒப்புதலை அழுத்திவிடுவாய், சிரிப்பாய் என்று நினைத்தேன். பதில் வரட்டும், போகலாம் என்று இருந்தேனடி. இங்கே கண்டியில் நம் அலுவலகத்திலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கு அரைமணி நேரம்கூட இல்லை.

இப்போது அந்த இரண்டு நாள் என் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது. கொடுக்கவும் முடியவில்லை, அழிக்கவும் மனம் வரவில்லை.