நான்காவது மன்னிப்புக் கடிதம்

தள நாள் 188, காலை 06:20

நிலவின் தென்துருவம், ஐந்தாம் பனிச்சுரங்கத் தளம். எழுதுவது ஜெபக்கனி, காற்றுப் பொறியாளர்.

ஆக்சிஜன் அழுத்தம் சரி. மூன்றாம் வடிகட்டி மாற்றப்பட்டது. நேற்று வந்த சரக்குக் கப்பலில் அரிசி பன்னிரண்டு மூட்டை, காபித்தூள் கொஞ்சம், புதிய காவலர் ஒருவர். பெயர் குணபாலன். அவரோடு சேர்த்துத் தளத்தில் இப்போது பதின்மூன்று பேர்.

பனிக்கட்டித் திருட்டு தொடங்கியதிலிருந்து தளத்துக்கு ஒரு காவலர், ஒரு துப்பாக்கி என்பது விதி. இவருடைய பணிப் பதிவேட்டில் ஒரே ஒரு பக்கம்தான் இருக்கிறது. நாற்பது வயது ஆளுக்கு ஒரு பக்கமா என்று தளத் தலைவர் சிவஞானத்திடம் கேட்டேன். பழையதெல்லாம் தலைமையகத்தில் இருக்குமாம். இருக்கட்டும். என் வேலை காற்று.

தள நாள் 203, பிற்பகல் 15:10

ஆக்சிஜன் சரி. மற்றது எதுவும் சரியில்லை.

மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் குணபாலன் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் என் தங்கை எப்சி உட்கார்ந்துவிட்டாள். அவள் பனிப்பாறையில் துளை போடும் இயந்திரம் ஓட்டுபவள். அந்த ஆள் நேரே வந்தான். துப்பாக்கியை எடுத்து அவள் கழுத்தில் வைத்தான். அவள் எழுந்து வேறு இடம் போனாள். அவன் உட்கார்ந்து சாப்பிட்டான்.

சிவஞானம் இருவரையும் கூப்பிட்டுச் சமாதானம் பேசினார். சின்ன இடம், விடிந்தால் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டும், பெரிதாக்க வேண்டாம் என்றார். அவர் சொல்லச் சொல்ல அவன் எழுதினான்: இனிமேல் இவ்வாறு நடந்துகொள்ள மாட்டேன் என உறுதி கூறுகிறேன். எப்சி கீழே கையெழுத்துப் போட்டாள். சாட்சி இரண்டு பேர் வேண்டும். ஒன்று சமையல்காரர். இன்னொன்று நான்.

போட்டேன். அக்காவே போட்டுவிட்டால் பிரச்சினை முடிந்துவிடும் என்று தலைவர் சொன்னார்.

அறைக்கு வந்ததும் மனம் கேட்கவில்லை. விசாரணை முடியும்வரை அவன் துப்பாக்கியை வாங்கி வைக்க வேண்டும் என்று தலைமையகத்துக்கு மனு அனுப்பினேன். ரேடியோவில் எப்சியிடமும் சொன்னேன். சுரங்கத்திலிருந்து அவள் பதில்:

"ஏக்கா, கையெழுத்தும் போட்டுட்டு மனுவும் அனுப்புதியாக்கும்? நல்ல ஆளுதான் நீ. அத எவன் படிக்கப் போறான்? பேப்பரா இருந்தாலாவது வடை மடிக்க ஆவும்."

தள நாள் 219, காலை 09:00

தலைமையகத்திலிருந்து பதில்:

"தங்கள் மனு பெறப்பட்டது. இரு தரப்பினரும் சமாதானமாகிவிட்டதற்கான கடிதம் இணைக்கப்பட்டுள்ளது. எனவே மேல் நடவடிக்கை தேவையில்லை எனக் கருதிக் கோப்பு முடிக்கப்படுகிறது. ஒப்பம்: சந்தானகோபாலன், தலைவர், பணியாளர் நலக் குழு."

இணைத்திருந்த கடிதத்தைத் திறந்து பார்த்தேன். சாட்சியின் இடத்தில் என் பெயர் இருக்கிறது. என் மனுவை என் கையெழுத்தை வைத்தே மூடியிருக்கிறார்கள்.

அவன் அறைச் சுவரில் பென்சிலால் பன்னிரண்டு பெயர்கள் எழுதியிருக்கிறான் என்று சமையல்காரர் சொன்னார். தலைவரிடம் சொன்னேன். பேசிப் பார்க்கிறேன் என்றார்.

தள நாள் 231, பிற்பகல் 14:50

 நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

12:40க்குச் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து சத்தம். முதலில் குழாய் வெடித்துவிட்டது என்று நினைத்து அழுத்தமானியைப் பார்த்தேன். அழுத்தம் இறங்கவில்லை. ரேடியோவில் எப்சி:

"அக்கா, அவன்தான். எல்லாரையும்... நீ கதவத் தொறக்காத. அங்கனயே இரு. தொறக்காத, கேட்டியா?"

அதற்கு மேல் அவள் குரல் இல்லை.

அவன் என்னைத் தேடிக் காற்றுநிலையத்துக்கான நடைபாதையில் வந்தான். கேமராவில் பார்த்தேன். இரண்டு பக்கக் கதவையும் அடைத்து நடைபாதையிலிருந்து காற்றை உறிஞ்சினேன். அவன் முழங்கால் மடங்கி விழுந்தான். கொஞ்ச நேரத்தில் திரும்பக் காற்றைத் திறந்துவிட்டேன். ஏன் திறந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. இருபத்திரண்டு வருடம் ஆட்களை மூச்சுவிட வைப்பதே வேலையாக இருந்த கை அது. பழக்கம்.

அவனை இழுத்துக்கொண்டு போய் உருளைக்கிழங்கு குளிர்அறையில் போட்டுப் பூட்டினேன். பிறகு கூடத்துக்குப் போனேன்.

பதினோரு பேர். எப்சி அவனுடைய நாற்காலிக்குப் பக்கத்தில் கிடந்தாள்.

பன்னிரண்டு தோட்டா எடுத்துப் போயிருக்கிறான். துப்பாக்கியில் ஒன்று மீதி இருக்கிறது. சுவரில் பன்னிரண்டாவது பெயர் என்னுடையது.

தள நாள் 233, காலை 08:30

தலைமையகம்:

"ஆழ்ந்த இரங்கல். பணிமூப்பு அடிப்படையில் தாங்கள் இன்று முதல் பொறுப்புத் தளத் தலைவராக நியமிக்கப்படுகிறீர்கள். விசாரணைக் குழு வரும்வரை ஆவணங்களைப் பாதுகாக்கவும்."

ஆவணங்களை. சரி.

தலைவர் என்று ஆனதும் பூட்டியிருந்த கோப்புகளெல்லாம் எனக்குத் திறந்தன. குணபாலனின் பழைய பதிவேடும் இருந்தது. ஒரு பக்கம் அல்ல, நூற்றுப்பத்துப் பக்கம்.

முதல் இடம், சுற்றுப்பாதை நிலையம்: கூட வேலை செய்தவரின் தலையில் ஸ்பேனரால் அடித்து அவருக்கு ஒரு கண் போனது. மன்னிப்புக் கடிதம். தண்டனை இடமாறுதல். கோப்பு முடிக்கப்பட்டது.

அடுத்தது இரண்டாம் தளம்: உணவு மேசைக்குக் குறுக்கே சுட்டான். யார் மீதும் படவில்லை. தவறுதலாக வெடித்தது என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். இடமாறுதல்.

மூன்றாவதாக எங்கள் தளத்தில் எப்சி. அதை மட்டும் இடமாறுதல் இல்லாமலே முடித்துவிட்டார்கள். பக்கத்தில் வேறு தளம் எதுவும் காலியில்லையோ என்னவோ.

ஒவ்வொரு மாறுதலிலும் புதிய இடத்துக்குப் புதிய பதிவேடு. பழைய விவகாரம் புதிய இடத்தில் அவனுக்குச் சங்கடம் தரக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை. பதிவேடுதான் பழைய இடத்திலேயே தங்கியது, துப்பாக்கி அவன் கூடவே வந்தது. மூன்றிலும் அதே ஒப்பம். சந்தானகோபாலன். அழகான கையெழுத்து, கடைசியில் ஒரு சுழி.

 

தள நாள் 236, இரவு 20:15

மதியம் குளிர்அறைக்குள் சாப்பாடு தள்ளிவிட்டேன். இன்டர்காமில் கேட்டான்:

"மேடம், அடுத்து எந்தத் தளங்க? ஆர்டர் வந்துருச்சா?"

 அவன் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே கேட்கிறான். செய்தால் மாற்றுவார்கள் என்பதுதான் அவன் கற்றுக்கொண்டது. அவனுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர்கள் வரப்போகிறார்கள்.

சாயங்காலம் வரைக்கும் அந்தக் கேள்வியையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தள நாள் 240, காலை 10:00

விசாரணைக் குழு நான்கு பேர். தலைவர் சந்தானகோபாலனேதான். அவர் தவற்றை அவரே விசாரிக்க வருகிறார். வரைவு அறிக்கையை முன்கூட்டியே அனுப்பிவிட்டார், நான் தட்டச்சுப் பிழை பார்க்க வேண்டுமாம். முடிவுரையில் இருப்பது:

"இது முன்கூட்டி அறிய வாய்ப்பே இல்லாத ஒரு தனிமனிதச் செயல்."

பிழை ஒன்றும் இல்லை, ஐயா. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை.

கப்பலோட்டி நிஜாமுதீன் தனியாக ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தான்:

"அக்கா, எப்சி அக்கா விஷயம் கேட்டு ரெண்டு நாளா சோறு எறங்கல. காபித்தூள் எடுத்துட்டு வரேன். நீங்க ஏதாச்சும் சாப்பிடுங்க."

அவன் செய்தியை நான்கு தடவை கேட்டேன். இந்தப் பையனுக்கு ஒன்றும் ஆகக்கூடாது.

தள நாள் 243, பிற்பகல் 16:00

குணபாலன் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டான். நான் சொல்லச் சொல்ல எழுதினான், அட்சரம் மாறாமல் அதே வாசகம். இனிமேல் இவ்வாறு நடந்துகொள்ள மாட்டேன் என உறுதி கூறுகிறேன். சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். 

தள நாள் 244, காலை 11:20

குழு வந்து இரண்டு மணி நேரம் ஆகிறது. சாப்பாட்டுக் கூடத்துக்குள் யாரும் போகவில்லை. வாசலில் நின்று ஒரு நிமிடம் மௌனம் காத்தார்கள். அவனைப் பார்க்கிறீர்களா என்று இன்டர்காமில் கேட்டேன். சந்தானகோபாலன் பதில்:

"அவனப் போய்ப் பார்த்து என்னம்மா ஆகப்போறது? எல்லாம் ரிப்போர்ட்ல வந்தாச்சு. சைன் பண்ண வேண்டியதக் கொண்டாங்க, கிளம்பணும்."

நாற்பத்தொரு தாள்கள். கையெழுத்துப் போடும் இடத்தில் எல்லாம் மஞ்சள் சீட்டு ஒட்டி வைத்திருந்தேன். அவர் மஞ்சளை மட்டும் பார்த்தார். இருபத்தேழாவது தாள்: மன்னிப்புக் கடிதம் ஏற்கப்பட்டது, காவலர் குணபாலன் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டுத் தலைமையகத்துக்கு இடமாறுதல் செய்யப்படுகிறார், இன்றைய கப்பலில் பயணம், கதவு திறக்கும் அட்டையும் ஆயுதமும் விதிப்படி திருப்பித் தரப்படும்.

போட்டார். கடைசியில் சுழி.

ஒரு வரி, ஒரே ஒரு வரி படித்திருந்தால் நின்றிருக்கும். படிப்பார் என்று காத்திருந்தேன். இது சத்தியம்.

தள நாள் 244, மதியம் 12:25

கப்பலிலிருந்து எழுதுகிறேன். இந்தக் குறிப்பு தளத்தின் திரைக்குப் போய்க்கொண்டிருக்கும்.

தம்பி நிஜாமுதீன், இதைக் கண்டெடுப்பவன் நீதான். காபி போடச் சொல்லி உன்னைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டுக் கதவை வெளியே பூட்டியதற்கு மன்னித்துக்கொள். பூட்டு ஒரு மணிக்குத் தானாகத் திறக்கும். காற்று தொண்ணூறு நாளைக்கு இருக்கிறது, அரிசியும் இருக்கிறது. மூன்றாம் வடிகட்டியை வாரம் ஒருமுறை தட்டிவிடு. கப்பலைத் தானியங்கியில் கிளப்பிவிட்டேன். நீ வராததை இங்கே ஒருவரும் கவனிக்கவில்லை.

பின்னால் சரக்கு அறையில் குணபாலன் இருக்கிறான். கிளம்பும்போது அவனிடம் ஒன்றுதான் சொன்னேன்: உன்னிடம் மூன்று இடத்திலும் எழுதி வாங்க வைத்தவர் முன் அறையில் உட்கார்ந்திருக்கிறார் என்று. பொய்யில்லை. பயணத்தில் விதிப்படி ஆறு தோட்டாதான். எனக்கென்று இருந்தது ஒன்று ஏற்கெனவே உள்ளே கிடந்தது, கையிருப்பிலிருந்து ஐந்து சேர்த்தேன்.

குழுவில் நான்கு பேர். சாட்சிக் கையெழுத்துப் போட்ட நான் ஐந்தாவது. ஆறாவது யாருக்கு என்பதை அவனே பார்த்துக்கொள்வான்.

தள நாள் 244, மதியம் 12:40

அவன் அட்டையை வைத்துவிட்டான். நடுக்கதவின் விளக்கு பச்சை.

எப்சி, திறக்காதே என்றாய். திறந்துவிட்டேன்.

சந்தானகோபாலன் திரும்பிப் பார்க்கிறார். அறை ஒலிவாங்கியைத் திறந்துவிட்டேன், இங்கே பேசுவதெல்லாம் இந்தக் குறிப்பில் எழுத்தாகும்:

"யாரும்மா இது? நம்ம ஸ்டாஃபா?"

முகம் தெரியவில்லை அவருக்கு. மூன்று கோப்பை மூடியவருக்கு முகம் தெரியவில்லை. நான்தான் எழுந்து பெயர் சொல்ல வேண்டும். எழுந்துவிட்டேன். இவர்தான் ஐயா