வாசல் நிறையச் செருப்புகள்

நேப்பிள்ஸ் துறைமுகம்
3-8-1979

அன்பான அத்தானுக்கு,

கப்பலில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை, உப்புக்குத்தான் குறை. நீங்கள் கட்டிக் கொடுத்த எலுமிச்சை ஊறுகாயில் பாதியைப் பார்சி அம்மாவே தீர்த்துவிட்டார். மத்தியானம் மாத்திரை போட்டுக்கொண்டு அவர் தூங்கிவிட்டால், சம்பளத்துக்கு அவர் துணையாக வந்த எனக்கு வேலையே இல்லை.

கப்பலில் வந்தவர்கள் எல்லோரும் துறைமுக வாசலில் உள்ள கடைத்தெருவோடு திரும்பிவிடுகிறார்கள். இன்று நான் அதைத் தாண்டிப் போனேன். தனியாக! ஒரு சந்தில் வானமே தெரியாதபடி மேலெல்லாம் துணி காய்கிறது. மாடியிலிருந்து ஒருத்தி கயிற்றில் கூடையை இறக்குகிறாள், கீழே கடைக்காரன் ரொட்டியைப் போடுகிறான், கூடை ஆடிக்கொண்டே மேலே போகிறது. வாயைப் பிளந்து நின்றேன். இங்கே நிற்பது நான்தானா என்று கையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டேன்.

ஸ்டவ்வுக்குத் திரி மாற்றினீர்களா?

உங்கள்
ஜோஸ்பின்

---

கிர்க்கி, பூனா
14-8-1979

ஜோஸ்பினுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. உன் கடிதம் வந்ததிலிருந்து ஃபாக்டரியில் கை ஓடவில்லை. பாஷை தெரியாத ஊரில் சந்து பொந்தெல்லாம் நுழைந்திருக்கிறாய். வழி தவறினால் யாரைக் கேட்பாய்? கப்பல் கிளம்பிவிட்டால்? இங்கே கேம்ப் பஜாரில் பாவ் ரொட்டி வாங்கப் போனால்கூட என் பின்னால்தானே வருவாய்!

பக்கத்து வீட்டு லீலா, "அண்ணே, அக்கா இனிமே எங்க திரும்பி வரப்போறாங்க?" என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனிக் கடைத்தெருவைத் தாண்டமாட்டேன் என்று மாதாமேல் சத்தியமாக எழுதி அனுப்பு. இல்லாவிட்டால் உன்னைத் திருப்பி அனுப்பும்படி பார்சி அம்மாவுக்கு நானே எழுதுவேன்.

திரி மாற்றிவிட்டேன்.

சவரிமுத்து

---

மெசினா
27-8-1979

அன்பான அத்தானுக்கு,

பயத்தில் வந்த கோபம் என்று தெரியும். ஆனாலும் சத்தியம் எழுத எனக்குக் கை வரவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அழுகை வந்தது, கோயிலுக்குப் போக வேண்டும்போல் இருந்தது. கரையோரப் பெரிய கோயிலில் ஒரே கேமராக் கூட்டம். மேட்டில் ஏறிப் போனேன். சின்னக் கோயில் ஒன்று இருந்தது. நம் பழக்கப்படி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் முழங்காலிட்டேன். இங்கே யாரும் கழற்றுவதில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டு என் காலையே பார்த்தார்கள். தப்பு செய்துவிட்டேனோ என்று உடம்பு கூசியது.

ஒருத்தி வந்து ஏதோ கேட்டாள். 'மரியா' மட்டும்தான் புரிந்தது. தலையை ஆட்டினேன். ஒவ்வொருத்தியாக எழுந்து வாசல் பக்கம் போய்வந்து என்னைச் சுற்றி முழங்காலிட்டார்கள். அவர்கள் அவர்கள் பாஷையில், நான் தமிழில், அருள்நிறைந்த மரியே சொன்னோம்.

வெளியே வந்தால், அத்தான், என் ஹவாய்ச் செருப்பைச் சுற்றி வாசல் நிறையச் செருப்புகள்! வெறுங்காலோடு வருவது இங்கே பெரிய நேர்ச்சையாம், பிறகு கப்பலில் சொன்னார்கள். யாரென்றே தெரியாத என் நேர்ச்சைக்குத் துணையாக அவர்களும் கழற்றியிருக்கிறார்கள். அது தெரியாதபோதே படியில் உட்கார்ந்து அழுதேன். உலகம் எவ்வளவு பெரியது, அதில் எனக்கும் இடம் இருக்கிறதே!

இதைப் பார்த்தபிறகு கடைத்தெருவோடு திரும்ப என்னால் முடியாது. பார்சி அம்மாவுக்கு எழுதுவதானால் எழுதுங்கள்.

ஜோஸ்பின்

---

கிர்க்கி, பூனா
9-9-1979, ஞாயிறு

என் அன்புள்ள ஜோஸ்பின்,

பார்சி அம்மாவுக்கு எழுதத்தான் இந்த ஏரோகிராம் வாங்கினேன். பூசை முடிந்து எழுத உட்கார்ந்தால் ஒரு வரி ஓடவில்லை. எழுந்து ஸ்வார்கேட் பஸ் ஸ்டாண்டு வரை போனேன். கடக்வாஸ்லா அணைக்குப் போகும் பஸ் நின்றது. ஏறிவிட்டேன். ஃபாக்டரி, கோயில், வீடு தவிர நான் எங்கே போயிருக்கிறேன்? கண்டக்டர் மராத்தியில் "குட்டே?", எங்கே என்று கேட்டபோது கையிலிருந்த சில்லறையை அப்படியே நீட்டினேன்.

மழையில் அணை நிரம்பிவிட்டது. மதகு வழியாகத் தண்ணீர் வெள்ளையாக விழுகிறது, அந்த இரைச்சலில் நெஞ்சு அதிர்ந்தது. பின்பக்கம் மலை வரைக்கும் தண்ணீர்தான். இவ்வளவும் இத்தனை வருஷமாக ஒரு பஸ் தூரத்தில் இருந்திருக்கிறது, ஜோஸ்பின்! கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். நாலு பேர் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

அடுத்த துறைமுகத்திலும் இறங்கி நட. கப்பல் கிளம்புமுன் திரும்பிவிடு, அது போதும்.

வந்ததும் கடக்வாஸ்லாவுக்குப் போவோம். நீ முன்னால் நட, நான் பின்னால் வருகிறேன்.

உன்
சவரிமுத்து